மூடாமல் விட்டிருக்கலாம்

ஆய்வுக்கூடத்தின் பெரிய உறைபெட்டியில் இருந்த இரத்த மாதிரிகள் அத்தனையும் உருகிப் பாழான அன்று, அங்கே தற்காலிக ஆய்வாளராக இருந்த அவள் தேநீர் மேசையில் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னாள். "துடைக்க வந்த அண்ணன் கதவைச் சரியா மூடாம விட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அந்த 'லாம்' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. துப்புரவாளர் கதவை மூடவில்லை என்று இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கையே அனுப்பிவிட்டார். மனுஷனுக்கு வேலை போகிற நிலை. சாட்சி அவள்தான்.

விசாரணைக்காக மேல்மாடிக்குப் போக லிஃப்டில் ஏறினாள். கதவு மூடப்போகும் நேரத்தில் துப்புரவாளரும் உள்ளே வந்தார். தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பாதி வழியில் லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விசிறியும் நின்றுபோனது. மணியை அழுத்தினாள்.

"ஆள் வர்றாங்க, கொஞ்சம் பொறுங்க" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கரகரத்தது.

சுவரெல்லாம் பளபளக்கும் தகடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம்தான் தெரிந்தது. தரையைப் பார்த்தாள்.

"மேடம், நான் மூடாம போனத நீங்க பாத்தீங்களா?"

"இல்லண்ணே, பாக்கல."

"அப்புறம் எப்படி மேடம்?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. இருக்கலாம்னுதான் சொன்னேன்." அவளையறியாமல் வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது. "இருக்கலாம்னா அது கருதுகோள். சரியா தப்பான்னு சோதிச்சுப் பாக்கறதுக்காக வைக்கிற ஊகம். மூடலன்னு அடிச்சுச் சொன்னா அது கூற்று. அது வேற, இது வேற. சோதிச்சுப் பாக்காம ஒண்ணை இன்னொண்ணா…"

அவள் எதைச் சோதித்தாள்? உறைபெட்டி பக்கமே போகவில்லையே. வியர்வை முதுகில் வழிந்தது. கதவு இடுக்கில் விரல் நுழைத்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"என் வீட்டுக்காரிக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார் அவர். "முகம் கொடுத்தே பேச மாட்டேங்குறா."

ஒருவழியாக ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறந்தார்கள்.

விசாரணைக்கு வந்த இரண்டு மூத்த ஆய்வாளர்களோடு இயக்குநர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். "சொல்லுங்கம்மா, அன்னிக்குச் சொன்னதையே சொல்லுங்க."

"அது வெறும் ஊகம் சார். சோதிச்சுப் பாக்கல."

"அறிக்கை போயாச்சு. இப்பப் பின்வாங்கினா நம்ம மானம் கப்பலேறிடும். உங்க வேலைய நிரந்தரமாக்கறது என் கையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

இங்கே நெம்பித் திறக்க யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"கீழ வாங்க சார். மூடிப் பாத்துடுவோம்."

விசாரணைக்கு வந்த மற்ற இருவரும் எழுந்துவிட்டதால் அவரும் எழ வேண்டியதாயிற்று. காலி உறைபெட்டியை ஓடவிட்டு, கதவை இறுக மூடி, எல்லார் கண்ணெதிரே நாடா ஒட்டினாள். முதலில் குளிர் ஏறத்தான் செய்தது. மதியம் வரை காத்திருந்தார்கள். பிறகு ஒட்டிய நாடா ஒட்டியபடியே இருக்க, உள்ளே சூடு கூடத் தொடங்கியது. மோட்டார் இழுக்கவில்லை. அதைப் பழுதுபார்க்கக் கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர் இயக்குநர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே நடந்தார்.

துப்புரவாளருக்கு வேலை பிழைத்தது. அவளுடைய வேலை நிரந்தரமாகவில்லை. காரணம் கேட்டால் இடமில்லை என்றார்கள். விட்டுப்போகவும் வழியில்லை, பாதி ஆய்வு அங்கேதான் கிடந்தது.

ஒருநாள் உணவுக்கூடத்தில் யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். "ஏ தொறந்தகதவு, இந்த மேசையைத் துடை!"

துப்புரவாளர் துணியோடு வந்தார். அந்தப் பெயருக்குப் பழகிவிட்டிருந்தார்.

"அவர் மூடிட்டுத்தான் போனாரு!" என்று எழுந்து கத்தினாள் அவள்.

"தெரியும் மேடம், சும்மா தமாசு" என்று சிரித்தார்கள்.

அவர் மேசையைத் துடைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே போனார்.