ஒன்பதாவது துளை

பிள்ளைகளுக்குச் சைபர் போடுவதில் நிரூபா ரீச்சருக்கு ஒரு காலத்தில் நல்ல கைராசி. மூன்று வருடங்களுக்கு முன், விமானத்தை விட்டால் வேறு வழியே இல்லாத ஒரு வடதுருவத்து ஊருக்குப் படிப்பிக்கப் போன புதிதில், வாய்மொழிப் பரீட்சை வைத்தாள். "கதையை முழுக்க வாசித்தாயா?" என்று கேட்டால் பிள்ளைகள் புருவத்தைத் தூக்கிவிட்டுப் பேசாமல் நின்றார்கள். வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா என்று கடுப்பாகி, பதினேழு பேரில் பதினான்கு பேருக்குச் சைபர் போட்டாள். பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்பவர் நாலு மாதம் கழித்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தபடி விளக்கினார்: அந்த ஊரில் புருவத்தைத் தூக்கினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. பிள்ளைகள் அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி அலூக்கி. சைபரை வீட்டுக்குக் கொண்டுபோனவள் ஒரு கிழமை பள்ளிக்கூடப் பக்கமே தலைகாட்டவில்லை. உண்மை தெரிந்த அன்றே நிரூபா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். "பிழை என்னுடையது. இனி உனக்கு இப்படி நடக்க விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுப்பது சுகம். அதற்குச் சோதனை வருகிறபோதுதான் தெரியும்.

சோதனை ரொறன்ரோவில் வந்தது. அலூக்கிக்கு இப்போது பதினைந்து வயது. பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு, அந்த ஊரிலிருந்து முதன்முதலாகத் தெரிவான பிள்ளை அவள்தான். ரீச்சரும் மாணவியும் அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் நிரூபாவின் தாய் தவமணி வீட்டில் தங்கினார்கள்.

தவமணிக்கு மகள் வடக்கே போனதில் துளியும் விருப்பமில்லை. "இஞ்சை மார்க்கம் ரவுணிலை பள்ளிக்கூடமே இல்லையோ? உந்த ஐஸுக்குள்ளை போய்க் கிடக்கிறாய்" என்பதுதான் மூன்று வருடமாக அவளது தொலைபேசிப் பாட்டு. ஆனால் வந்த பிள்ளைக்குச் சாப்பாடு போடுவதில் அவள் குறை வைக்கவில்லை.

"இன்னொரு ரோல்ஸ் வைக்கட்டோ, பிள்ளை?" என்று, இறைச்சி அடைத்துப் பொரித்த சுருள்கள் நிறைந்த தட்டைக் காட்டிக் கேட்டாள். அலூக்கி புருவத்தைத் தூக்கினாள். தவமணி வைத்தாள். மறுபடி கேட்டாள், மறுபடி புருவம். ஆறாவது ரோல்ஸோடு பிள்ளை மூக்கைச் சுருக்க, தவமணி தட்டை மூடிவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள் நிரூபா.

"உதுக்கு ஆர் சொல்லவேணும்? முகத்தைப் பாத்தாத் தெரியாதோ?"

நாலு மாதம் எடுத்த ரீச்சருக்கு முகம் கறுத்துப்போயிற்று.

மறுநாள் ஸ்காபரோவில் ஒரு கல்லூரி மண்டபத்தில் போட்டி. அலூக்கியின் ஆய்வு கடல் பனி பற்றியது. அவளுடைய ஊர் வேட்டைக்காரர்கள் பனியில் கால் வைக்குமுன் ஈட்டியால் ஓங்கிக் குத்திப் பார்ப்பார்கள். ஒரே குத்தில் ஈட்டி உள்ளே போனால் அங்கே மிதிக்க மாட்டார்கள். அவள் பன்னிரண்டு இடங்களில் குத்தியும் பார்த்து, துளையிட்டுத் தடிப்பையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தாள்.

நடுவர் நேரத்தில் ஆசிரியர்கள் மஞ்சள் நாடாவுக்கு வெளியே நிற்கவேண்டும், வாய் திறந்தால் மாணவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். அது விதி.

நரைத்த தாடிக்கார நடுவர் வந்தார். "இந்தத் துளைகளை நீயேதான் இட்டாயா?"

அலூக்கி புருவத்தைத் தூக்கினாள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டவணையும் உன்னுடையதா?"

மறுபடி புருவம். நிமிர்ந்த நடுவர் கொஞ்சம் காத்திருந்தார், பிறகு பெருமூச்சு விட்டார். "வேறு யாராவது செய்து கொடுத்தார்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அலூக்கி மூக்கைச் சுருக்கினாள். அவர் பேனாவைத் திறந்தார்.

நாடாவுக்கு வெளியே நின்ற நிரூபாவுக்கு விளங்கிவிட்டது. பிறர் செய்த வேலை என்று எழுதினால் எல்லாம் முடிந்தது. தான் போட்ட அதே சைபரை இன்னொருவர் போடப்போகிறார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். வாய் திறந்தால் தன் கையாலேயே பிள்ளையைக் கெடுத்ததாகும்.

அப்போது மத்தியானச் சாப்பாட்டுப் பையோடு பக்கத்தில் நின்ற தவமணி நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். அவள் ஆசிரியையும் இல்லை, விதியை வாசித்தவளும் இல்லை.

"சேர்," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பிள்ளை மூன்று தரம் பதில் சொல்லிவிட்டாள். நீங்கள்தான் பார்க்கவில்லை. புருவம் ஆம். மூக்கு இல்லை."

நடுவர் திகைத்துப்போய் அலூக்கியைப் பார்த்தார். "அப்படியா?"

புருவங்கள் உயர்ந்தன.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "மன்னித்துக்கொள். உன் வரைபடத்தில் ஒன்பதாவது துளைக்கு ஏன் சிவப்பு நிறம்?"

ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியல்ல அது. அலூக்கி வாய் திறந்தாள்.

"அது ஆற்றுமுகம். உறுதியான பனியில் நின்றபடி எட்டித் துளையிட்டு அளந்தேன், முப்பது சென்ரிமீற்றர் தடிப்பு. புத்தகக் கணக்குப்படி ஸ்னோமொபைல் வண்டியே ஓட்டலாம். ஆனால் ஈட்டி ஒரே குத்தில் இறங்கியது. பனி தடிப்பாக இருந்தது, உள்ளே உக்கிப்போயிருந்தது. தடிப்பை மட்டும் அளந்தால் அது தெரியாது."

"அளவுகோல் போகலாம் என்றது, ஈட்டி வேண்டாம் என்றது. நீ எதை நம்பினாய்?"

"நான் உங்கள் முன்னால் நிற்கிறேனே" என்றாள் அலூக்கி.

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து நிமிடம் பார்க்கவேண்டிய மேசையில் இருபது நிமிடம் நின்றார். போகும்போது மற்ற இரண்டு நடுவர்களையும் கையோடு கூட்டிவந்தார்.

பின்னேரம் முதற்பரிசு அலூக்கிக்கு என்று அறிவித்தபோது தவமணிதான் முதலில் எழுந்து கைதட்டினாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "எங்கட வீட்டிலைதான் நிக்கிறா" என்று பெருமையடித்தாள். பிறகு மகளின் பக்கம் திரும்பி, "எப்ப உங்கட பிளைற்? அந்தச் சனத்துக்கும் ரோல்ஸ் கட்டித் தரவேணும்" என்றாள். மூன்று வருடத்துப் பாட்டு அன்றைக்கு நின்றது.

மேடையில் தாடிக்காரர் ஒலிவாங்கியோடு நின்றார். "அடுத்த வருடமும் ஆய்வைத் தொடர்வாயா?"

அலூக்கி புருவத்தைத் தூக்கினாள். இந்தமுறை அவர் காத்திருக்கவில்லை. சபையின் பக்கம் திரும்பி, "ஆம் என்கிறாள்!" என்று முழங்கினார். மண்டபம் அதிர்ந்தது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே அலூக்கியின் கண்கள் ரீச்சரைத் தேடின. பார்த்தீர்களா என்று கேட்டன. நிரூபாவின் கன்னமெல்லாம் கண்ணீர். அவள் இரண்டு புருவங்களையும் எவ்வளவு உயரத்துக்குப் போகுமோ அவ்வளவுக்குத் தூக்கினாள்.