எடை மிஷின்ல நான் ஏறின நாள்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, சளி ஒண்ணும் இல்லையே? எங்க ஏர்லைன்ஸுக்கு அம்பது வருஷம்னு பேப்பர்ல முழுப்பக்கம் போட்டிருக்காங்க. ரெண்டு காத்தாடி ப்ளேன்ல தபால் மூட்டை சுமந்தது, அரசாங்கம் எடுத்துக்கிட்டது, ஜெட் வந்தது, எல்லாம் இருக்கு. எங்களப் பத்தி ஒரு வரி இல்ல. அதான் எழுதறேன்.

மொத ஜெட் வந்த வருஷம். நான் ப்ளேன் கூட்டுறவ. விடியறப்ப ஏறினா முதுகு நிமிராது. சீட்டுக் கைப்பிடிக் கிண்ணத்துல சிகரெட் சாம்பல், சீட்டுக்கடியில சூயிங்கம், கக்கூஸ் நாத்தம். அதே ப்ளேன்ல என் நாத்தனா ஏர்ஹோஸ்டஸ். நான் சுரண்டின இடத்துல டக்டக்குனு செருப்பு போட்டு நடப்பா. வயிறு எரியும் எனக்கு. கல்யாணமாகியும் எங்க கூடத்தான் இருந்தா. ஒரே சட்டி சோறு, அவளுக்கு மட்டும் வானம்!

மாசாமாசம் ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்களுக்கு ப்ளேன் படிக்கட்டுப் பக்கத்துலயே எடை பாப்பாங்க. அன்னிக்கு என் நாத்தனாவுக்கு மூணு கிலோ கூட. ஏன்னு மேனேஜர் குடைஞ்சதுல உண்மை வெளிய வந்துடுச்சு. நாலு மாசமா முழுகாம இருக்கா, எனக்குக்கூட சொல்லல. தெரிஞ்சா வேலை போயிடும், அதான் சட்டம்.

"யூனிஃபார்மைக் குடுத்துட்டுக் கிளம்பு"ன்னார் மேனேஜர்.

பொய் சொல்லல, உள்ளுக்குள்ள எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

எங்க மேஸ்திரியம்மா விளக்குமாத்த வீசிட்டுப் படிக்கட்டுல உக்காந்துட்டாங்க. "புள்ள பெத்துக்கறது குத்தமாய்யா? இன்னிக்கு எவளும் கூட்ட மாட்டா!" கூட்டற மத்த பத்துப் பேரும் உக்காந்தாங்க. நான் மட்டும் நின்னேன்.

மேனேஜர் கண்ணு என்மேல. "நீ பத்தாவது படிச்சவதானே? அவ இடம் உனக்கு. இவங்கள எழுப்பி வேலை செய்ய வை. மிஷின்ல ஏறு, பாப்போம்."

ஏறிட்டேன்!

"அடடா, அளவெடுத்து செஞ்ச மாதிரி!"ன்னார்.

நாத்தனா மூக்க உறிஞ்சிக்கிட்டு, "போங்க அண்ணி. நீங்களாவது பறங்க"ன்னா.

சுருக்குன்னுச்சு. "சார், அடுத்த வருஷம் நான் உண்டானா?"

"அப்ப வேற ஆள் பாத்துக்குவோம்."

"கூட்டறதுக்கும் அந்த வேற ஆளையே பாத்துக்கங்க!"

இறங்கி நாத்தனா கையைப் பிடிச்சு இழுத்துப் படியில உக்கார வெச்சு, அவ பக்கத்துல உக்காந்தேன். மூட்டை ஏத்தறவங்க வண்டியை அப்படியே விட்டுட்டு வந்தாங்க. மத்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்க நாலு பேரு செருப்பைக் கழட்டிட்டு எங்க அழுக்குப் படியிலயே உக்காந்தாங்க. ஏழு மணி ப்ளேன் ஒம்பதுக்கும் நகரல. மேனேஜர் போன்ல கத்திக்கிட்டிருந்தார். வேலை இருக்குமா, போகுமான்னு ஒருத்திக்கும் தெரியாது. நாத்தனா கை வழுவழுன்னு இருந்துச்சு, என் கை பூரா ஃபினாயில். அப்பவும் பொறாமைதான். ஆனா பிடிச்ச கையை விடல.

கூட வேலை பாத்தவங்களப் பாத்து வயிறெரிஞ்சு, அப்புறம் அவங்க பக்கத்துலயே உக்காந்தவங்க உங்கள்ல யாரு? ஒளிக்காம எழுதுங்க, படிக்கிறேன்.