விரல் நின்ற இடம்

“அக்கா, அந்த மக்கைக் கொஞ்சம் கிட்ட தள்ளு. சிந்தப்போகுது.”

மக் ஏற்கெனவே கிட்டத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் காலாலேயே அதை இன்னும் ஒரு ஜாண் தள்ளினாள். தம்பி பைக்கின் முன்சக்கர ஃபோர்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான். கறுத்த ஆயில் குளுகுளுவென்று இறங்கியது. கெட்ட மீன் வாடை ஒன்று கிளம்பி அறை முழுக்க ஏறியது. கட்டிலில் கிடந்த அம்மாவின் மூக்குவரைக்கும் அது போயிருக்க வேண்டும். அம்மா முகம் சுளிக்கவில்லை. அம்மா முகம் சுளித்து நாலு நாளாகிறது.

“மனுஷி சாகக் கிடக்கிற ரூம்ல உக்காந்து பைக்கைப் பிரிச்சுப் போட்டிருக்கியே, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்காடா?”

“பைக்கை எங்க பிரிச்சேன்? ஃபோர்க்கைத்தான் பிரிச்சேன். பைக் வெளியில நிக்குது.”

நிற்கிறது என்று சொல்வதெல்லாம் கொஞ்சம் அதிகம். முன்சக்கரமும் இல்லாமல் ஃபோர்க்கும் இல்லாமல், எஞ்சினுக்கு அடியில் கொடுத்த மரப்பெட்டிமேல் எப்போது குப்புற விழலாம் என்று அது காத்திருந்தது. மூன்று மாதத்தில் இது மூன்றாவது தடவை. இடப்பக்க ஃபோர்க்கிலிருந்து ஆயில் கசிந்து பிரேக் தட்டில் இறங்குகிறது. ஒருநாள் மழையில் பிரேக் பிடிக்காமல், ஒரு லாரியின் பின்பக்கத்தை ரொம்பக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தான். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பைக் இல்லாவிட்டால் அவன் இல்லை. ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல் போயிருக்கும் என்று இரண்டு தடவை புது சீல் மாட்டினான். இரண்டு தடவையும் பத்தே நாளில் மறுபடி கசிந்தது. மெக்கானிக்கிடம் விடுடா என்றால், “என் கையில வந்த தப்பை நானே கண்டுபிடிக்கிறேன்” என்று வீறாப்பு.

வீறாப்பு மட்டும் காரணமில்லை என்று அக்காவுக்குத் தெரியும். அம்மாவை விட்டு நகர அவனுக்கு மனசில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத் தைரியமும் இல்லை. அதனால் கட்டிலை ஒட்டிச் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிச் சொல்லி வேலை செய்தான். “அம்மா, இப்ப மேல இருக்கிற டஸ்ட் சீலைக் கழட்டியாச்சு. அடியில ஒரு கம்பி லாக் இருக்கு பாரு, சனியன், மசிய மாட்டேங்குது. இரு, வருது, வருது... ஆங், வந்துட்டான்.”

“யார்கிட்டடா பேசற? அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியுமாம்! பதினேழு வருஷமாக ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொன்ன அன்றைக்கே அம்மாவின் ரிப்போர்ட்டை அவள்தான் முதலில் படித்தாள். அந்த எண்களை வைத்துக்கொண்டு ஒருத்தர் கண் திறக்க முடியாது, பேச முடியாது, கேட்டதைப் புரிந்துகொள்ளவும் முடியாது. அவளைப் பொறுத்தவரை அம்மா ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள். மூச்சு மட்டும்தான் பாக்கி.

அந்த நிச்சயத்தில்தான் நாலு நாளாக அந்த அறையில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியிருந்தாள். திங்கட்கிழமை, தலைமாட்டில் நின்றபடியே மேலதிகாரிக்குப் போன்: “இன்னைக்கோ நாளைக்கோ சார். இழுத்துக்கிட்டே இருக்கு. முடிஞ்சதும் வந்துடறேன்.” செவ்வாய்க்கிழமை அலமாரியைத் திறந்து, துணியையெல்லாம் அம்மாவின் கால்மாட்டிலேயே கொட்டி, கடைசியில் எதை உடுத்திவிடுவது, மிச்சத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்று சத்தமாகப் பிரித்துவைத்தாள். நேற்று சாயங்காலம் தம்பியோடு சண்டை. அவன் கேட்டான், “உனக்கு அம்மாமேல பாசமே கிடையாதா?” என்று. அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

“எனக்கு எங்கடா அம்மா இருந்தாங்க? செக்கர்தான் இருந்தாங்க. பொறந்ததுலேர்ந்து என்கிட்ட குத்தம் கண்டுபிடிச்சதைத் தவிர வேற என்ன பண்ணாங்க? இப்பவாவது என்னை விட்டாங்களே!”

அதில் பொய்யில்லை. துணி ஆலையில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் அம்மா. அடியில் விளக்கெரியும் சாய்வான கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அம்மா கையை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஓர் இழை விட்டிருந்தாலும் கை நின்றுவிடும். அதே கையோடும் கண்ணோடும்தான் வீட்டுக்கு வருவாள். வகிடு கோணல், எழுத்து கோணல், பாத்திரத்தின் அடியில் பிசுக்கு. அக்கா ஆசையாய் ஒருத்தனைக் கூட்டிவந்து காட்டினபோது, அவன் எதிரிலேயே, “சட்டைக் காலர் உள்பக்கம் அழுக்கா இருக்கே தம்பி” என்றாள். அதோடு அவன் வரவில்லை. அக்காவுக்கு நாற்பத்தொன்று ஆகிறது.

பத்தரை மணி இருக்கும். தம்பி ஃபோர்க்கின் உள்ளிருந்து பைப்பை உருவித் துடைத்தான். கைத்தடி அளவு நீளம், கண்ணாடியாய்ப் பளபளப்பு. பலகையில் உருட்டிப் பார்த்தான், வளைவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான், கீறலில்லை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறம் எங்கேர்ந்துதான் வருது இந்த ஆயில்?” அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அம்மாவின் வலதுகை போர்வை விளிம்பைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்தே இப்படித்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வையைத் தேய்க்கும், நகரும், தேய்க்கும்.

“அம்மா துணி பாக்கறாங்க அக்கா.”

“துணியும் இல்ல, மண்ணும் இல்ல. கடைசி நேரத்துல விரல் இப்படித்தான் தவிக்கும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!”

“சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் செக் பண்ணிக் குடும்மா” என்று சொல்லிக்கொண்டே அவன் பைப்பை அந்தக் கைக்குள் கொடுத்தான். வேடிக்கைக்குத்தான் செய்தான். அதைச் செய்யும்போதே அவன் உதடு கோணியது.

விரல்கள் போர்வையை விட்டன.

கட்டைவிரல் பைப்பின்மேல் படிந்தது, மற்ற நாலும் அடியில் வந்து நின்றன. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பைப்பை மெள்ளத் தள்ளினான். மேசைமேல் துணி ஓடுகிற மாதிரி அது அம்மாவின் கைக்குள் ஓடியது. பாதிக்கு மேல் போனதும் நின்றது.

“பிடிச்சு நிறுத்தறாங்க அக்கா!”

“விரல் விறைச்சிருக்கும்டா.”

பின்னால் இழுத்து மறுபடி தள்ளினான். அதே இடத்தில் நின்றது.

ஒரு ரிசல்ட்டை நம்ப முடியவில்லை என்றால் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அது அவளுடைய தொழில். தம்பியைத் தள்ளிவிட்டுத் தானே மண்டியிட்டாள். நின்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். பைப்பை முன்பின்னாகத் திருப்பினாள், நாலைந்து சுற்றுச் சுற்றினாள். தன் கை தன்னை அறியாமல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். பைப் எங்கேயும் நிற்காமல் மறுமுனைவரை ஓடியது. ‘பாத்தியா’ என்று சொல்ல வாயெடுத்துக் கண்ணைத் திறந்தாள். புள்ளி அடிப்பக்கம் இருந்தது. கட்டைவிரல் அதைத் தொடவே இல்லை.

புள்ளியை மேலே வரும்படி திருப்பி, கண்ணை மூடி, மறுபடி. ஓடியது, ஓடியது, நின்றது. கண்ணைத் திறந்தாள். கட்டைவிரலுக்கடியில் புள்ளி மறைந்திருந்தது.

அவள் அந்த இடத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டே நரம்பு பிடிப்பாள் என்று ஆஸ்பத்திரியில் பேர் வாங்கிய விரல். ஒன்றும் தட்டுப்படவில்லை. நகத்தை வைத்து மெதுவாக இழுத்தாள். க்ளிக். தம்பி போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினான். கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா, ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் மயிரிழைக்கு எழும்பிய ஒரு பிசிறு. எப்போதோ கல் தெறித்திருக்கிறது.

“இதான்! இதான் புது சீல் எல்லாத்தையும் கிழிச்சிருக்கு! ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் உள்ள போயி வெளிய வந்து...” அவன் சிரித்தான், கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அம்மா! எப்படிம்மா! கண்ணைக்கூடத் திறக்காம எப்படிம்மா கண்டுபிடிச்சே!”

ரிப்போர்ட்டில் இருந்த எண்கள் அத்தனையும் அக்காவுக்கு மனப்பாடம். அந்த எண்களுக்குள் இந்தக் கட்டைவிரல் எங்கே இருந்தது? குழிவிழுந்த கன்னத்தையும் மூடிய இமையையும் அவள் முதல் தடவை பார்க்கிறவள்போல் பார்த்தாள். விளக்கில்லை என்றதும் ஆளில்லாத வீடென்று நினைத்து, வாசலில் நின்று கண்டபடி பேசியாகிவிட்டது. உள்ளே ஆள் இருந்திருக்கிறது.

அப்படியானால் திங்கட்கிழமை போனில் பேசினது? துணி பிரித்தது? நேற்று சாயங்காலம்?

பைப்பை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

“நீ போயி அதைச் சரிபண்ணு” என்றாள்.

“இங்கயே தண்ணி போட்டு உப்புத்தாள்ல தேச்சு, பசை வச்சு...”

“வெளிய வச்சுப் பண்ணு. இந்த ஆயில் வாடை அவங்களுக்கு ஆகாது.”

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் செய்தித்தாளோடு வாரிக்கொண்டு போனான்.

அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். “அம்மா” என்றாள். நாலு நாளில் அவள் அம்மாவைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

“போன்ல பேசினது... அது லீவுக்காகச் சொன்னது. சாரு விட மாட்டார்னு.”

சொன்னதும் அவளுக்கே நாக்கு கூசியது. இந்த நேரத்திலும் பொய்யா?

“இல்லம்மா. நெசமாவே சீக்கிரம் முடிஞ்சா போதும்னுதான் இருந்துச்சு. பாக்க முடியல. அதான்.” போர்வையை இழுத்துவிட்டாள். “செக்கர்னு சொன்னேன்ல. அதைத் திருப்பி வாங்கிக்க முடியாது. அதுவும் நெசந்தான். ஆனா அது மட்டும் இல்ல. வேலைக்குச் சேந்த முத நாளு ஒரு பெரியவருக்கு நரம்பே கிடைக்கல. ரெண்டு தடவை குத்திட்டேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, நீ துணியைத் தடவற மாதிரி தடவினேன். உடனே கிடைச்சுது. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் எடுக்கறேன். உன்கிட்ட சொல்லவே இல்ல. சொன்னா அதுலயும் நீ ஏதாவது நொட்டை சொல்லுவியோன்னு பயம்.”

அம்மாவின் மூச்சு உள்ளே போனது, கொஞ்சம் தாமதித்து வெளியே வந்தது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கேட்டாளா, தெரியாது. கேட்கவில்லை என்று சொல்ல இனி அவளுக்கு வாயில்லை. உலர்ந்த உதட்டைப் பஞ்சால் நனைத்தாள். நனைக்கப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு நனைத்தாள். திருப்பிப் படுக்க வைப்பதையும் சொல்லிவிட்டுச் செய்தாள். ஜன்னல் வெயிலைப் பற்றியும், எதிர்வீட்டில் சுவருக்குப் பூசும் கண்றாவி நிறத்தைப் பற்றியும் சொன்னாள். சொல்ல இவ்வளவு இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. நாலு மணி சுமாருக்கு அவள் தம்பியைக் கூப்பிட்டாள். “டேய், வா.” குரலிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்தவன் கையெல்லாம் ஆயிலும் உப்புத்தாள் சேறுமாக, கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றான்.

“பரவால்ல, தொடு” என்றாள்.

அவன் அப்படியே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “அம்மா, சரியாயிடுச்சும்மா. நகம் வச்சுப் பாத்தேன், மாட்டல” என்றான். அம்மா ஒரு மூச்சு விட்டாள். சின்ன மூச்சு. அடுத்ததற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இத்தனை வருஷம் ஓயாமல் போய்வந்தது, இவ்வளவு சத்தமில்லாமல் நின்றுவிடுமா என்று அக்கா பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஐந்து மணிக்குத் தெருமுனை டாக்டர் பையோடு வந்தார். நல்ல மனுஷன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாடி பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், இமையை விலக்கி டார்ச் அடித்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டில் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் கேட்டார்:

“எத்தனை மணிக்கும்மா முடிஞ்சுது? அதுக்கு முன்னாடி எத்தனை நாளா நினைவில்லாம இருந்தாங்க?”

அக்கா எழுந்தாள். “டாக்டர், வெளிய போயிப் பேசுவோமா?”

“ஏன்மா, யாராவது வரணுமா?”

“இல்ல. இங்க வேணாம்.”

டாக்டர் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தாளையும் பையையும் எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தார். அவளும் வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

“நாலு பத்துக்கு” என்றாள், குரலைத் தாழ்த்தி. “அதுவரைக்கும் நினைவு இருந்துச்சு.”

டாக்டர் தாளைச் சுவரில் வைத்து எழுதினார்.