பேனரில் இடம் போதாத ஐந்து சொற்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. மாவு மில் ஓடுற சத்தத்துல நடந்த கதை இது, தள்ளி இருந்தா பாதிதான் காதுல விழும்.

கீழப்பாறைக்குடியில் தேர்தல் பேனருக்காக ஒருத்தர் பேச்சை வெட்டினால், மீதிச் சொற்களைத் தூக்கிப் போட மாட்டார்கள். மஞ்சள் பையில் கட்டி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். மரியாதை தெரிந்த ஊர்.

மாவு மில் செண்பகவடிவுக்கும் ஒரு பை வந்தது. அவள் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி கட்டுன வாறுகால்ல தண்ணி நல்லா ஓடும், மழை பெஞ்சா நேரா மாவு மில்லுக்குள்ள."

அண்ணாச்சி என்றால் கவுன்சிலர் தளவாய்மணி; வாறுகால் என்றால் அவர் தெருவில் கட்டிய மழைத்தண்ணீர்க் கால்வாய். இந்தத் தடவையும் நிற்கிறார். பஸ் ஸ்டாண்டில் எழுந்த பேனரில் செண்பகவடிவு கும்பிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் பெரிய எழுத்தில், "அண்ணாச்சி கட்டுன வாறுகால்ல தண்ணி நல்லா ஓடும்!"

"மிச்சம் அஞ்சு சொல்லு இருக்குக்கா. எண்ணிப் பாத்துக்கோங்க" என்றான் பை கொண்டுவந்த கட்சிக்காரன்.

"ஏன்டே, அஞ்சு சொல்லுக்கு பேனர்ல எடமில்லையா?"

"அண்ணாச்சி மீசைக்கே எடம் பத்தலைக்கா."

கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டை வாசித்தான்: "தேர்தல் முடியுமட்டும் இச்சொற்களை உரியவர் வாயில் போடக் கூடாது."

அன்று முதல் வாறுகால் என்று வாயெடுத்தால் அவளுக்குப் பேனரில் இருந்தது மட்டும்தான் வந்தது. புதன்கிழமையோ நகராட்சி இன்ஜினீயர் வருகிறார். வாறுகாலைத் திருப்பிவிடணுமா என்று விசாரிப்பார். தண்ணீர் புகுந்த இடத்துக்காரர் சொல்வதையோ கவுன்சிலர் சொல்வதையோதான் எழுதிக்கொள்வார். போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் மோட்டார் புகைந்து நின்றது. இன்னொரு ஐப்பசியை அந்த மில் தாங்காது.

பை மூலையில் கிடந்து முனகியது. 'மழை' மட்டும் கசிந்துகொண்டே இருந்ததால் அதை எடுத்து வெயிலில் காயப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை தளவாய்மணியின் மனைவி இசக்கியம்மாள் புட்டுக்கு அரிசி கொண்டுவந்து இறக்கினாள்.

"மதினி, போட்டோவுல கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க!"

"இருக்கட்டும். நாளைக்கு அண்ணாச்சிக்குப் புட்டா?"

"புட்டு தின்னாத்தான அவுகளுக்குப் பேச்சே வரும்."

செண்பகவடிவு சீட்டை மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். உரியவர் வாயில்தான் போடக் கூடாது. அடுத்தவர் வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. இசக்கியம்மாள் அந்தப் பக்கம் போனதும், அரிசியோடு ஐந்தையும் மிஷினில் கொட்டினாள். 'மில்லுக்குள்ள' மட்டும் நீளம், சிக்கியது. குச்சியால் தள்ளிவிட்டாள்.

இன்ஜினீயர் வருகிறார் என்றதும் தளவாய்மணி தெருமுனையில் மேடையே போட்டுவிட்டார். இன்ஜினீயர் முதலில் செண்பகவடிவைக் கேட்டார். "தண்ணி நல்லா ஓடும்" என்றுதான் அவளுக்கு வந்தது. சந்தோஷம் என்று பேனாவை மூடப்போனார்.

தளவாய்மணி மைக்கைத் தட்டினார். "கேட்டீங்களா! நான் கட்டுன வாறுகால்ல தண்ணி நல்லா ஓடும்" என்றவர், ஒரு ஏப்பம் விட்டு, "மழை பெஞ்சா நேரா மாவு மில்லுக்குள்ள!" என்று முடித்தார்.

கூட்டம் கைதட்டியது. இன்ஜினீயர் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை நாலு ஆள் கடப்பாரையோடு வந்து வாறுகாலை ஊருணிப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மில் வாசலில் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. ஆளுக்கொரு கையில் தன் மஞ்சள் பை, மறு கையில் அடுத்த வீட்டு அரிசியோ கோதுமையோ. முதல் ஆள் தளவாய்மணி. முந்தின நாள்தான் மாவட்டச் செயலாளர் தன் பேனருக்காக இவர் பேச்சை வெட்டி, மீதியைத் தட்டில் வைத்து அனுப்பியிருந்தார்.

"கோதுமை யாரு வீட்டுது அண்ணாச்சி?"

"செயலாளர் வீட்டுதும்மா."

செண்பகவடிவு பையை அவிழ்த்து, சொற்களை முறத்தில் கொட்டிப் புடைத்து, கல் பொறுக்கினாள்.

"நைசாவா, ரவை பதமாவா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டாள்.