காலைத் தளர விடுங்கோ

வல்லிபுரத்தார் கடலில் ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் தரையில்தான். சங்கக்கடை வரிசையில் ஒருமுறை, கோயிலில் தீபாராதனைக்குக் காத்து நின்றபோது ஒருமுறை. போன மாதம் செத்தவீடு ஒன்றில் சவத்தைத் தூக்குமுன் இவரைத் தூக்க வேண்டியதாயிற்று. சல்லிக் கிராமத்தில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. மனைவி புஸ்பராணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மனிதர் விடியமுன் தனியாக வள்ளம் எடுத்து மீன்பிடிக்கப் போகிறவர்.

மருமகன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். டாக்டர் பரிசோதித்துக் கடலுக்குப் போகலாம் என்று கடிதம் தரவேண்டும், இல்லையென்றால் வள்ளத்தை விற்றுவிட வேண்டும். அதனால்தான் இருவரும் ஓர்ஸ் ஹில்லிலுள்ள கிளினிக்குக்கு வந்திருந்தார்கள்.

"கடிதத்தோடதான் வீட்ட போவன். நீ வாயைத் திறக்காத" என்று பஸ்ஸால் இறங்கும்போதே வல்லிபுரத்தார் சொல்லிவிட்டார்.

பரிசோதனை செய்யும் பிள்ளை கீர்த்தனி, அவரை ஒரு கட்டிலில் படுக்கவைத்துப் பட்டியால் கட்டினாள். நெஞ்சில் வயர்கள், கையில் பிரஷர் பட்டி. நாம் கேட்காமலே இதயத்தையும் பிரஷரையும் பார்த்துக்கொள்ளும் நரம்புகள் உண்டு, எழுந்து நின்றால் காலில் தேங்கும் இரத்தத்தை அவைதான் மேலே அனுப்ப வேண்டும், அவை வேலை செய்கின்றனவா என்று இந்தக் கட்டில் காட்டும் என்றாள்.

"காலைத் தளர விடுங்கோ ஐயா. தலை சுத்தினா உடன சொல்லுங்கோ."

கட்டில் மெல்ல நிமிர்ந்து அவரை நிற்கவைத்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம். திரையில் இலக்கங்கள் அசையவில்லை. வல்லிபுரத்தார் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். கிழவனுக்குக் குசும்பு குறையவில்லை என்று நினைத்தபடி புஸ்பராணி தலையைக் குனிந்தாள். அப்போதுதான் அவருடைய கால்கள் கண்ணில் பட்டன. விரல்கள் வெளிறும்படி கட்டிலின் கால்மாட்டுப் பலகையைப் பற்றியிருந்தன. கெண்டைச்சதை கல்லாய் இறுகியிருந்தது. அலை அடிக்கும்போது வள்ளத்தில் இப்படித்தான் நிற்பார். முப்பத்தொரு வருஷம் கரையில் நின்று பார்த்தவளுக்கு அது தெரியாதா?

பேசாமல் இருந்தால் கடிதம் கிடைக்கும், வீட்டில் சண்டை இல்லை. ஆனால் வலையை இழுத்துப் போட்டுவிட்டு ஆள் சும்மா நிற்கும் ஒரு கணம் போதாதா, கடலில் விழ?

"பிள்ளை, அவற்ற காலைப் பாருங்கோ. இறுக்கிக்கொண்டு நிக்கிறார்."

"புஸ்பம்!" என்று உறுமினார் அவர். ஆனால் கீர்த்தனி சொன்னபடி காலைத் தளர விட்டார்.

காலைத் தளர விட்ட ஏழாம் நிமிடம் முகம் வியர்த்தது. உதடு வெளுத்தது. இலக்கங்கள் கிடுகிடுவென இறங்க, தலை சாய்ந்தது. கட்டிலைப் படுக்கவைப்பதற்குள் புஸ்பராணி ஓடிப்போய் அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். நானே கொண்டுவந்து சாகக் கொடுத்துவிட்டேனே என்று அழுதாள். ஒரு நிமிடத்தில் அவர் கண் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்து விளக்கினார். "வள்ளம் ஆட ஆட உங்கட கால் இறுகி இரத்தத்தை மேல தள்ளுது. அதுதான் கடலில விழேல்ல. தரையில சும்மா நிக்கேக்க நரம்பு தன்ர வேலையைச் செய்யுதில்ல." தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நிற்கும்போது காலை இறுக்கிக்கொள்ளச் சொன்னார். "கடலுக்குப் போகலாம், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு. ஆனா தனியப் போக ஏலாது."

மகன் கட்டாரில். மருமகனுக்கு மூதூர்ப் படகில் ஏறினாலே வாந்தி. "அப்ப வள்ளத்தை வித்தமாதிரித்தான்" என்றார் வல்லிபுரத்தார். குரல் உடைந்திருந்தது.

"நான் வாறன்" என்றாள் புஸ்பராணி.

அவர்கள் வீட்டுப் பெண்கள் கிழிந்த வலை பொத்துவார்கள், மீன் பிரிப்பார்கள். வள்ளத்தில் ஏறுவதில்லை. பெண் ஏறினால் மீன் படாது என்று அவளை இத்தனை வருஷம் ஏறவிடாதவரும் இவர்தான்.

"மீன் படாது, புஸ்பம்."

"படாட்டிப் போகட்டும். நீங்கள் கரைக்கு வந்தாக் காணும்."

அவர் படுத்தபடியே அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"விடிய நாலு மணிக்கு எழும்போணும், உன்னால ஏலுமோ?" என்று கேட்டார், கல்யாணமான நாளிலிருந்து மூன்றரைக்கே எழும்பித் தனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவளிடம்.