தானே மாடியேறிய பார்சல்

கடைசி வருஷத்து வீடியோ கேம் ப்ராஜெக்டில் அவர்கள் மூன்று பேர். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு போஸ்டர் மட்டும் செய்துகொண்டிருந்தவருக்குத் தலைவர் என்று பெயர் வந்துவிட்டது. ப்ரோக்ராம் கோடு எழுதுகிறவனுக்குக் கோடு என்றே பெயர். படம் வரைகிற பெண்ணை ஓவியர் என்றார்கள், முழுக்க மரியாதையால் அல்ல. "ரெண்டு பேரும் கோடு போடுறவங்கதான், என் கோடு மட்டும் ஓடும்" என்பது கோடு வாரத்துக்கு இரண்டு முறை சொல்லும் ஜோக். யாரும் சிரிக்காவிட்டால் மூன்றாவது முறையும் சொல்வான்.

கேமின் கதை எளிது. லிஃப்ட் வேலை செய்யாத ஒன்பது மாடிக் கட்டடம். ஒரு கூரியர்க்காரர் படியேறிப் போய் மேல் வீட்டில் பார்சலைக் கொடுக்க வேண்டும். வழியில் தண்ணீர் வாளி, உருண்டு வரும் பந்து, படியில் படுத்திருக்கும் பூனை. வாளியையும் பந்தையும் பூனையையும் ஓவியர் இரண்டே நாளில் வரைந்து கொடுத்துவிட்டாள். கூரியர்க்காரர்தான் ஆறு வாரமாக வந்துகொண்டே இருந்தார்.

"சட்டைக்குப் பட்டன் வச்சிட்டிருக்கேன்" என்றாள் நாலாவது வாரத்தில்.

"எத்தனை பட்டன்?" என்று கேட்டான் கோடு.

"ஏழு. அதுல ஒண்ணு பிஞ்சிருக்கும்."

"திரையில ஆளே கட்டைவிரல் நகம் அளவுதான் வருவாரு. பிஞ்ச பட்டன் யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

கூரியர்க்காரர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் டப்பாவை வைத்துவிட்டு கோடு தன் வேலையைப் பார்த்தான். கண், கால் எதுவும் இல்லாத வெறும் சதுரம்.

ஏழாவது வாரம் கூரியர்க்காரர் வந்து சேர்ந்தார். காற்றில் பறக்கும் முடி, தோளில் தேய்ந்த பை, கன்னத்தில் ஒரு மச்சம். கம்ப்யூட்டர் லேபில் இருந்த எல்லோரும் எழுந்துவந்து பார்த்தார்கள். தலைவர் அன்றே போஸ்டரை மாற்றினார். கோடு மட்டும் படத்தைக் கேமுக்குள் போட்டு ஓடவிட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அண்ணன் நடக்கலை. ஐஸ்ல வழுக்கிட்டுப் போறாரு."

"உன் ப்ரோக்ராம்ல ஏதோ தப்பு."

"இருக்கலாம்" என்றான். இப்படி அவன் ஒத்துக்கொண்டதே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

அந்த வார வெள்ளிக்கிழமை, கேம் விளையாடியே பழகாத ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, மகள் மறந்துவிட்டுப் போன சார்ஜரைக் கொடுக்க ஓவியரின் அம்மா லேப் வாசலில் வந்து நின்றார். துணிக்கடையில் ஆல்டரேஷன் செய்கிறவர், கழுத்தில் இஞ்ச் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஆன்ட்டி, அஞ்சு நிமிஷம்."

கூரியர்க்காரர் முதல் மூன்று மாடிக்குத்தான் இருந்தார். மேலே இன்னும் மஞ்சள் டப்பாதான். மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

அம்மா கூரியர்க்காரரைக் கொஞ்ச நேரம் நகர்த்திப் பார்த்தார். "யாரும்மா இவரு? பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிற மாதிரியே மாடி ஏறுறாரு" என்றார். கோடு தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

நாலாவது மாடியில் டப்பா வந்தது. குதித்தபோது ஒல்லியாக நீண்டது. கீழே விழுந்தபோது அப்பளமாக நசுங்கி, ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்தது. "ஐயோ பாவம், அடிபட்டிருச்சு" என்றார் அம்மா. அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. அவரைத் தேடிக் கடையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது.

அன்று சாயங்காலம் ஓவியர் வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் எறிந்தாள். அம்மா ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த டப்பாவை யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"யாரும் வரையலை."

"அப்படியா. நல்லா வரைஞ்சிருக்கு."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு வாரம், ஏழு பட்டன், ஒரு மச்சம். சொந்த அம்மாவே கட்சி மாறிவிட்டார். முதலில் அழலாம் என்றுதான் நினைத்தாள். அழுகை வராததால் லேப்டாப்பைத் திறந்து டப்பாவைக் குதிக்கவிட்டாள். ஒரு தடவை, இருபது தடவை. டப்பா குதிப்பதற்கு முன்னால் லேசாகப் பம்மியது. அதைக் கவனித்ததும் கோபம் போய்ச் சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமை கோடு வருவதற்கு முன்பே அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"டப்பா ஏன் பம்முது?"

"சும்மா ரெண்டு நம்பர் மாத்தினேன்."

"எத்தனை நாள் மாத்தின?"

அவன் காது சிவந்தது. "மூணு வாரம். நீ பட்டன் வச்சிட்டிருந்தியா, எனக்குப் பொழுது போகலை. எங்க வீட்டு நாய் சோபாவுல ஏறும்போது பம்மும். அதைப் பார்த்துப் பண்ணேன்."

"இதுக்குப் பேரு அனிமேஷன்."

"இல்லையே. நான் படமே வரையலையே" என்று அவன் குற்றம் சாட்டப்பட்டவன்போல மறுத்தான்.

அவள் காகிதத்தை எடுத்து டப்பாவை வரைந்தாள். அதன் குறுக்கே ஒட்டு டேப் போட்டாள், ஒரு மூலையை நசுக்கினாள், முகவரிச் சீட்டு ஒட்டினாள். பார்த்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் பட்டுவிட்டது. பார்சலே தனியாக ஏறிப் போகட்டும். கூரியர்க்காரர் கீழ்த்தளத்திலேயே பார்சலை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து அசந்துவிடுகிறார், பார்சல் தன் வீட்டைத் தானே தேடிக்கொண்டு மாடி ஏறுகிறது. தூங்குகிற ஆள் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

தலைவர்தான் இடிந்துபோனார். "நாற்பது போஸ்டர் அடிச்சாச்சு" என்றார்.

"போஸ்டர்ல ஆளு கையில பார்சல் இருக்குல்ல?" என்றாள் ஓவியர். "அவர் முகத்து மேல கேம் பேரை ஒட்டிரு."

மச்சத்தை மறைக்கச் சொல்ல அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்னாள். அடுத்த நாலு வாரத்தில் அறுபத்தோரு பார்சல் வரைந்தாள். பம்முகிற பார்சல், மூச்சு வாங்குகிற பார்சல், தண்ணீரில் நனைந்து ஓரம் தொங்கிய பார்சல். கோடு அருகில் உட்கார்ந்து, "இது இன்னும் கொஞ்சம் வெட்கப்படணும்" என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

ப்ராஜெக்ட் கண்காட்சி அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓவியருக்கு இதுல என்ன வேலை? ஒரு டப்பாதானே" என்றார்.

"விளையாடிப் பாருங்க சார்" என்றாள்.

உட்கார்ந்தவர் ஏழாவது மாடியில் பார்சல் நனைந்ததும், "அடடா" என்று பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். எடுத்த பிறகுதான் எதற்கு எடுத்தோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு பக்கத்து மேசையின் கார் பந்தயத்துக்குப் போனது. இவர்களுக்கு இரண்டாவது. தலைவர் மூன்று பேர் சார்பிலும் தானே போய் வாங்கிக்கொண்டார்.

கேம் முடிந்ததும் பெயர்கள் வரும் பக்கத்தை எழுதியது ஓவியர். 'ஓவியம்' என்பதற்குக் கீழே தன் பெயரையும் அதற்கடுத்து கோடுவின் பெயரையும் போட்டிருந்தாள். அவன் அதைக் கண்காட்சியில்தான் பார்த்தான். எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதற்குள், பார்க்க வந்திருந்த அவன் அப்பா போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்.

விளைவு, அவன் சித்தப்பா புதிதாகத் திறக்கும் சைக்கிள் கடைக்கு போர்டு எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். பெயரோடு ஒரு சைக்கிளும் வேண்டுமாம்.

"எனக்கு வட்டமே வராது. அதுல ரெண்டு வேணும்" என்றான் கோடு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"சரி, நான் வரேன். நீ ஏணியைப் பிடிச்சுக்கோ."

"எத்தனை நாள் ஆகும்?"

அவள் தீவிரமாக யோசித்தாள். "சைக்கிள் சக்கரத்துக்கு எத்தனை கம்பி இருக்கும்?"