பார்க்க மட்டும்

சேகரன் அங்கிளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். காலையில் பசியாறக் கூப்பிட்டால் வர மாட்டார், அவ்வளவுதான். அதைத் திலகாவால் தாங்க முடியாமல் போனதுதான் இத்தனைக்கும் மூலம்.

மலாக்கா டவுனில், புருஷனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்கு உதவும் சங்கம் அது. அங்கிள் அங்கே மூத்த கிராணி, கணக்கு வழக்கெல்லாம் எழுதும் குமாஸ்தா. கணினி வேலையெல்லாம் திலகா தலையில். ஆவணங்களைச் சேமிக்கப் புதுக் கணினிச் சர்வர் வந்ததும் அவள்தான் அதை இரண்டு பகுதியாகப் பிரித்தாள். விண்ணப்பப் பாரங்கள், சுற்றறிக்கைகள் எல்லாம் பொதுப் பகுதியில், யாரும் திறக்கலாம். ஓடிவந்த பெண்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் இன்னொன்றில். அதைத் திறக்கும் உரிமை தலைவி கஜலட்சுமிக்கும் திலகாவுக்கும் மட்டும். ஒழுங்கான வேலை. அப்படியே விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்தப் பகுதியைத் தொட்டதும் அங்கிளின் திரையில் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்துவிட்டது.

"ஆபீஸ் தொறந்த நாள்லேர்ந்து சாவி என்கிட்டதாம்மா இருக்கு. நான் என்ன திருடனா?" என்றார்.

மறுநாள் பசியாற ரொட்டி சானாய் கடைக்கு அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பெரிய மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நம் ஆட்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதே! கஜலட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திலகா அந்தப் பகுதியைத் திறப்பவர்களில் அவர் பெயரையும் சேர்த்தாள். எதையும் மாற்ற முடியாது, அழிக்க முடியாது, பார்க்க மட்டும். பார்க்கத்தானே, என்ன குடிமுழுகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

குடிமுழுகியது ஒரு வியாழக்கிழமை காலை. திலகா அங்கிளின் மேசையைக் கடந்து போகும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கா பத்துதான்டா. பள்ளிவாசல் தாண்டி ரெண்டாவது லோரோங், பச்சை கேட்டு. கோவப்படாம பேசு, என்ன?" வைத்துவிட்டுத் திலகாவைப் பார்த்துச் சிரித்தார். "யுவனேஸ்வரன்மா, எங்கக்கா மவன். பிள்ளைய பாக்கணும்னு கதறுறான்லா. புருஷன் பொண்டாட்டிய சேத்து வச்சா புண்ணியம்தானே?"

யுவனேஸ்வரன். தங்கா பத்து வீட்டில் சங்கம் ஒளித்து வைத்திருக்கும் கலைமகளின் புருஷன், அவள் கையை முறித்தவன்.

"அங்கிள், அவன் இப்ப எங்க இருக்கான்?"

"லூபோக் சீனா டவுன்ல. காடிய ஓட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான், வந்துருவான்."

திலகா முதலில் என்ன செய்தாள் தெரியுமா? ஓடிப்போய்ச் சர்வரிலிருந்து அவர் பெயரை நீக்கினாள்! நீக்கிவிட்டு, சரியாக நீங்கியதா என்று சோதித்தும் பார்த்தாள். அடிப் பைத்தியமே, படித்தது அந்த மனுஷன் தலைக்குள் அல்லவா இருக்கிறது? அங்கே எந்தப் பட்டனை அழுத்துவாய்?

கலைமகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"மேடம், போலீசுக்குச் சொல்லுங்க! கலைமகள் வீடு அவனுக்குத் தெரிஞ்சி போச்சு, என்னாலதான்!" என்று கஜலட்சுமியின் அறைக்குள் கத்திவிட்டுக் காருக்கு ஓடினாள்.

ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவளைப் பிடித்து நிறுத்தியது. மாரியாத்தா, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்தப் பெண்ணை விட்டுவிடு என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினாள்.

பச்சை கேட் திறந்து கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், கலைமகள் தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது அவள் காதில் விழவே இல்லை.

"கெளம்பு. அவன் வரான்."

கலைமகள் மிஷினை அப்படியே விட்டு எழுந்தாள். துணிமணி எடுக்கவில்லை, செருப்புப் போடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

லோரோங் சந்தின் முனையில் எதிரே சிவப்புச் சாகா கார் ஒன்று திரும்பி உள்ளே வந்தது. கலைமகள் பிள்ளையை மடியில் அழுத்தி, தானும் குனிந்தாள். அது உரசுவதுபோல் கடந்து போயிற்று.

"அவன் காடிதான்க்கா," என்றாள்.

பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னா அவன்கிட்ட?"

"எங்க ஆபீஸ் அங்கிள். அவரு பாக்குற மாதிரி வச்சது நான்தான். பாவம், மனசு கஷ்டப்படுறாரேன்னு..." திலகா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேடம் வேற வீடு பாத்துத் தருவாங்க. இந்தத் தடவை நான் சத்தியமா..."

"மலாக்கா சென்ட்ரல்ல எறக்கி விடுங்க."

பஸ் நிலையத்தில் வெறுங்காலோடு இறங்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

"எங்கடி போவ? எனக்கு மட்டுமாச்சும் சொல்லு. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்," என்று திலகா கெஞ்சினாள்.

"நீங்க நல்லவங்கதான்க்கா. அந்த அங்கிளும் நல்லவராத்தான் இருப்பாரு." கலைமகள் கார்க் கதவைச் சாத்தினாள். "நீங்க மொதல்ல போங்க. நீங்க போனப்புறம்தான் நான் டிக்கெட் எடுப்பேன்."

திலகா காரை எடுத்தாள்.